ஏழாம் லேன்

ஞாயிற்றுக்கிழமை ஷிப்டை
நான்தான் கேட்டு வாங்கினேன்.
சூப்பர்வைசர் திம்மராயனுக்கு ஆச்சரியம்:
"உங்காளுங்க ஞாயிறு லீவுக்குத்தானே
சண்டை பிடிப்பாங்க?"

கிருஷ்ணகிரி டோல்கேட், ஏழாம் லேன்.
ஃபாஸ்டேக் வேலை செய்யாத வண்டிகள்
திட்டிக்கொண்டே வந்து நிற்கும்.
அந்தத் திட்டு பிடித்திருந்தது.
ஆறுதல் சொல்லத் தெரியாத ஜனங்கள்.

எலத்தகிரிக் கோயிலில்
முப்பதாம் நாள் பூசைக்குப் போனபோது
பெண்கள் பக்கம், மூன்றாவது தூணோரம்,
என்னருகே கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.
மரியாதைதான்.
ஒரு பிள்ளை உட்காருகிற அளவு இடம்.

அதற்கப்புறம் போகவில்லை.

காய்ச்சல் வார்டில் அவனுக்காக நவநாள் சொன்னேன்,
டிரிப்ஸ் பாட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நின்று.
எட்டு நாள்.
எட்டாம் நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு
நர்ஸ் வந்து ஊசியைக் கழற்றினாள்.
ஒன்பதாம் நாள்
அப்படியே பாக்கி நிற்கிறது.
அதை என்ன செய்வதென்று
சாமியாரிடம் கேட்டிருக்கலாம். நல்ல மனுஷர்.
அழுதுவிடுவார் என்றுதான் கேட்கவில்லை.

ஜெபமாலையை எடுப்பதுண்டு, வீட்டில்.
மணி விரலுக்கு வரும்.
முதல் பாதியைச் சொல்வேன்.
நின்றுவிடுவேன்.
மறுபாதி எப்போதும்
எதிர்ப்பக்கத்திலிருந்துதானே வந்தது?
இரண்டையும் நானே சொன்னால்
ஆளில்லாத வீட்டில் கதவைத் தட்டி
நானே "யாரு?" என்பதுபோல இருக்கிறது.
இன்னாசி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார்.
தூங்கவில்லை. மூச்சு சொல்லிவிடும்.
பதில் தெரிந்தவர்.
சொல்ல மாட்டார்.

கடவுளோடு எனக்கு இப்போது பேச்சில்லை.
ஆனால் உபதேசியார் சவரிராயன்
பாட்டை எப்போதும் ஒரு கட்டை உயரத்தில் எடுத்து
பாதியில் தொண்டை உடைவாரே, அது வேண்டும்.
மண்டியிடும்போது வரிசையாய்
முட்டி எலும்புகள் நெரிபடும் சத்தம் வேண்டும்.
பெலிசித்தா கண்ணை மூடிக்கொண்டே
கொசு அடிப்பாள்.
யாரோ ஒரு குழந்தை பிளாஸ்டிக் பாயை நனைக்கும்,
ஈரம் என் முந்தானைக்கு வந்து சேரும்வரை
ஒருத்தரும் கவனிக்கமாட்டார்கள்.
என் வாய் மூடிக்கிடந்த நாளிலும்
ஜெபம் நிற்காமல் நடந்த இடம் அது.
எப்படிப் போவேன், இனி?
போனால் திரும்பவும்
அந்த இடத்தை விட்டு உட்காருவார்கள்.

ஆகஸ்ட் பாதி. விடிய மூணு மணி.
சையத் பாஷா மலை இருட்டில் இன்னும் பெரிதாகக் கிடந்தது.
பெங்களூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு
நடந்து போகிறவர்கள் வந்தார்கள்.
காவி உடுப்பு, காலில் துணிக்கட்டு,
தள்ளுவண்டியில் மாதா, அவளுக்கு மேலே
பேட்டரியில் எரியும் ஒரு டியூப்லைட்.
நடக்கிறவர்களுக்குக் கட்டணமில்லை.
பைக் போகிற ஓரத்தில் ஒதுங்கி வந்தார்கள்.
கூட்டத்தின் வால் இன்னும் பின்னால்,
டீக்கடை வெளிச்சத்தில் மாட்டிக்கொண்டிருந்தது.

முன்னால் வந்த பத்துப் பன்னிரண்டு பேர்
முதல் பாதியைச் சொன்னார்கள்.
சொல்லிவிட்டு, வழக்கம்போல,
பின்னாலிருந்து வரவேண்டியதற்கு
ஒரு மூச்சு இடம் விட்டார்கள்.
வரவில்லை.

அந்த இடம்
எனக்குத் தெரிந்த அளவுதான்.

கண்ணாடி பாதி திறந்திருந்தது.
என் கையில்
கிரானைட் லாரிக்காரன் நீட்டிய ஐநூறு ரூபாய்.
உதடு அசைந்தது, அது தெரியும்.
சத்தம் வந்ததா, தெரியாது.
வண்டி தள்ளிய பையன் மட்டும்
ஒரு தரம் திரும்பி
எந்த லேனிலிருந்து என்பதுபோலப் பார்த்தான்.

லாரிக்காரன் கதவைத் தட்டினான்.
"அக்கா,
பாக்கி."